அரை வட்டம் முழு வட்டமான நாள்

புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

மாத்திரையை நகத்தால் இரண்டாக உடைத்திருக்கிறீர்களா? உங்கள் வயதில் அதற்கு வேலை இருக்காது. எனக்குப் பல வருஷமாக மதியச் சாப்பாட்டுக்குப் பின் அதுதான் கடைசிக் காரியம். பிரஷருக்கு அரை மாத்திரை. நடுக்கோட்டில் நகத்தை வைத்து அழுத்தினால் ஒரு பாதி கையில் நிற்கும், இன்னொரு பாதி மேசைக்கு அடியில் ஓடும். அதைத் தேடிக் குனிவதில் இருக்கிற பிரஷரும் ஏறும்.

எழுத்துரு மாற்றும் பிரிவில் சேர்ந்திருக்கும் உங்களுக்கு அனுபவத்திலிருந்து நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். நாலு வார்த்தையில் நிறுத்துகிற ஆள் நான் இல்லை என்பது இங்கே இருக்கும் பழைய ஆட்களுக்குத் தெரியும். நான் பயந்த சுபாவக்காரி என்பதும் தெரியும். கேஸை மூடினேனா என்று தெருமுனையிலிருந்து திரும்பி வீட்டுக்கு ஓடுகிறவள். முதுகுக்குப் பின்னால் எனக்குப் ‘பதற்றம் அக்கா’ என்று பெயர். அந்தப் பெயரை வைத்தவர் இன்று உங்கள் மேலாளர். நல்லா இருக்கட்டும்.

முதலில் இந்தப் பழைய எழுத்துருக்களின் அட்டகாசத்தைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் யூனிகோடில் கண் விழித்த பிள்ளைகள். ‘அ’ என்று தட்டினால் எந்தக் கணினியிலும் ‘அ’தான். அந்தக் காலத்தில் அப்படி இல்லை. கோப்புக்குள் எழுத்து இருக்காது, கட்டத்தின் எண் மட்டும் இருக்கும். அந்தக் கட்டத்தில் எழுத்துரு என்ன படத்தை வைத்திருக்கிறதோ அதுதான் திரையில் வரும். ‘அ’ இருக்கும் கட்டத்தில் ஆட்டுக்குட்டியை வரைந்து வைத்தால் ஆட்டுக்குட்டி வரும்.

வரைந்தும் வைத்தார்கள். இந்த வட்டாரத்தில் டி.டி.பி. கடை வைத்திருந்த எல்லோருக்கும் அந்தப் பழக்கம் உண்டு. யாரும் தட்டாத எழுத்து ஒன்றை அழித்துவிட்டு, அதன் கட்டத்தில் வாடிக்கையாளர் கேட்ட படத்தைப் போடுவார்கள். பூந்தமல்லிக் கடைக்காரர் பிள்ளையாரைப் போட்டார். பாடிக் கடைக்காரர் அதே கட்டத்தில் தொலைபேசியைப் போட்டார். படத்தை மாற்றினார்களே தவிர, எழுத்துருவின் பெயரை ஒரு மகாராசனும் மாற்றவில்லை. ஒரே பெயரில் ஒவ்வொரு கடையிலும் ஒவ்வொரு எழுத்துரு.

ஒருமுறை பூந்தமல்லியில் தட்டிய கல்யாணப் பத்திரிகையைப் பாடியில் அச்சடித்தார்கள். தலைப்பில் பிள்ளையார் இருக்க வேண்டிய இடத்தில் தொலைபேசி உட்கார்ந்திருந்தது. பெண்ணின் அப்பா கடைக்கு வந்து ஆடிய ஆட்டத்தைப் பாடி முழுவதும் பார்த்தது. அது சிரித்துவிட்டுப் போகிற விஷயம். நான் சொல்ல வந்தது அதைப் பற்றி அல்ல.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு, ஆவடியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியிலிருந்து நமக்கு வேலை வந்தது. அங்கே நோயாளி வீட்டுக்குக் கிளம்பும்போது ஒரு தாள் கொடுப்பார்கள். மாத்திரையின் பெயர், பக்கத்தில் காலைக்குச் சூரியன், இரவுக்கு நிலா, அதற்குக் கீழே ஒரு மாத்திரைக்கு ஒரு கறுப்பு வட்டம். எழுதப் படிக்கத் தெரியாதவரும் பார்த்துப் புரிந்துகொள்ளலாம். யாரோ ஒரு நல்ல மனுஷர் என்றைக்கோ யோசித்துச் செய்த ஏற்பாடு. ஒவ்வொரு மருந்துக்குமான வரிகளை ஒரு பழைய எழுத்துருவில் தட்டி வைத்திருந்தார்கள். புதுக் கணினிகளில் அந்த எழுத்துரு வேலை செய்யவில்லை. யூனிகோடுக்கு மாற்றிக் கேட்டார்கள்.

எழுத்துருவின் பெயரைப் பார்த்தோம். நம் அலுவலகத்தில் பல வருஷமாக இருக்கிற அதே பெயர். மணி என்ற பையன்தான் மாற்றினான். பையன் என்று சொல்வது என் வயசுக் கொழுப்பு. அவனுக்குக் கல்யாணமாகிக் குழந்தை இருந்தது. நல்ல வேலைக்காரன். மாற்றியதையும் மூலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சடித்து வரி வரியாக ஒப்பிட்டான். எல்லாம் பொருந்தியது. ஆஸ்பத்திரியில் நர்ஸுகளுக்குத் தலைமையாக இருந்த ஸ்டெல்லா சிஸ்டரும் மாதிரித் தாளைப் பார்த்துச் சரி என்றார். வேலை முடிந்தது. புதுக் கணினியில் ஏற்றியும் கொடுத்துவிட்டான்.

மறுநாள் மதியம் நான் வழக்கம்போலச் சாப்பிட்டுவிட்டு மாத்திரையை உடைத்தேன். பாதி மேசைக்கு அடியில் ஓடியது. குனிந்தேன். குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

ஆஸ்பத்திரித் தாள்களை நானும் ஒரு பார்வை பார்த்திருந்தேன். சூரியன் பார்த்தேன், நிலா பார்த்தேன், கறுப்பு வட்டம் பார்த்தேன். அரை மாத்திரை எங்கேயும் பார்த்த ஞாபகம் இல்லை. அவ்வளவு மருந்தில் ஒருவருக்குக்கூடவா அரை மாத்திரை கிடையாது? எனக்கே அரை மாத்திரைதானே!

“மணி, அந்த ஆஸ்பத்திரி ஃபைல்ல அரை வட்டம் எங்கனா பார்த்தியாப்பா?”

“இல்லக்கா. எல்லாம் முழு வட்டம்தான். இன்னா, ஒரே வட்டம் ரெண்டு கட்டத்துல இருந்துச்சு. ஒண்ணு துளியூண்டு சின்னது. டூப்ளிகேட்டுன்னு ரெண்டையும் ஒண்ணாக்கிட்டேன்.”

அந்தச் சின்ன வட்டத்தை எனக்குத் தெரியும். துண்டறிக்கைகளில் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் வைக்க நம் அலுவலகத்திலேயே யாரோ வரைந்த புள்ளி அது. சூரியனும் நிலாவும் பெரிய வட்டமும் எழுத்துருவோடு வந்தவை, எங்கேயும் மாறாது; அந்தக் கட்டத்தில் மட்டும் நம் எழுத்துருவில் புள்ளி. ஆஸ்பத்திரிக்காரர்களின் எழுத்துருவில் அதே கட்டத்தில் என்ன இருந்தது? அதை நாங்கள் பார்க்கவே இல்லை. மூலத்தையும் நம் எழுத்துருவில்தான் அச்சடித்திருந்தோம். தப்பைத் தப்போடு வைத்து ஒப்பிட்டால் பொருந்தத்தானே செய்யும்? சிஸ்டர் பார்த்த ஒரே மாதிரித் தாளில் அரை மாத்திரை மருந்தே இருந்திருக்காது.

போனை எடுத்தேன். முதலாளி அறையிலிருந்து வெளியே வந்தார். நல்ல மனுஷர், ஆனால் வாடிக்கையாளர் என்றால் அவருக்கு நாக்கு உலர்ந்துவிடும்.

“அம்மா, ஒரு நிமிஷம். நிச்சயமா தெரியுமா?”

“தெரியாது சார்.”

“தெரியாம எதுக்கும்மா ஆஸ்பத்திரியைப் பயமுறுத்துறீங்க? மணி ஆவடிக்குப் போய் அவங்க பழைய கம்ப்யூட்டர்ல பார்க்கட்டும். தப்புன்னா அப்புறம் சொல்லுவோம். ஒண்ணுமில்லாததுக்குக் கத்திட்டா நாளைக்கு நம்மள எவன் நம்புவான்?”

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. என் பதற்றத்தை நானே நம்பாத நாட்கள் நிறைய உண்டு. திரும்பி ஓடிய போதெல்லாம் கேஸ் மூடித்தான் இருந்தது. ஆனால் மணி ஆவடிக்குப் போய்ச் சேரும் வரைக்கும் அங்கே அச்சு ஓடிக்கொண்டே இருக்குமே!

“சார், நான் சொன்னது பொய்யாப் போனா என்னைத் திட்டிக்குங்க. முதல்ல பிரிண்ட் எடுக்கிறதை நிறுத்தட்டும்” என்று சொல்லி எண்ணை அழுத்திவிட்டேன்.

ஸ்டெல்லா சிஸ்டர் முதலில் புரியாமல் கேட்டார், பிறகு கோபப்பட்டார். மூலையில் மூடி வைத்திருந்த பழைய கணினியைப் போடச் சொன்னேன். அது கண் திறப்பதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஒரே மருந்தை இரண்டிலும் எடுத்துப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: “மேடம், பழசுல பாதிதான் கறுப்பு. புதுசுல முழுசும் கறுப்பு.”

“புதுசுல எடுத்து யாருக்காவது கொடுத்தாச்சா சிஸ்டர்?”

“இன்னிக்குக் காலையில டிஸ்சார்ஜ் ஆனவங்க எல்லாருக்கும் அதுதான். கொடுத்தது புதுசா வந்த பொண்ணு, அவளுக்குப் பழைய தாள் தெரியாது. ஐயோ ஏசப்பா.”

தாளில் அரை மாத்திரை இருந்தவர்களை அவர் ஒவ்வொருவராக அழைத்தார். நாலு மணிக்குள் எல்லோரும் கிடைத்தார்கள், ஒருவரைத் தவிர. முனுசாமி என்ற பெரியவர். காலில் புண்ணுக்காகச் சேர்ந்திருந்தார், சர்க்கரை வியாதி. இரவுச் சாப்பாட்டுக்கு முன் சர்க்கரை மாத்திரை பாதி போட வேண்டும். சரியாகச் சாப்பிடாத உடம்பு, முழு மாத்திரை போனால் சர்க்கரை கடகடவென்று இறங்கி மயக்கமாகிவிடும் என்றார் சிஸ்டர். தொலைபேசி அணைந்து கிடந்தது. விலாசம், திருநின்றவூர் ஏரிக்கரை, அம்மன் கோயில் பின்புறம். ஆஸ்பத்திரி ஆளை அனுப்புவதாக அவர் சொன்னபோது நான் கைப்பையை மாட்டியாகிவிட்டது. திருநின்றவூரில்தான் எனக்கு வீடு. தினமும் அங்கேயிருந்துதான் ரயிலில் வேலைக்கு வந்து போனேன். ஆளைத் தேடிப் பிடித்து வழி சொல்லி அனுப்புவதற்குள் நானே போய்விடுவேன்.

அலுவலகத்துக்குப் பக்கத்தில் அம்பத்தூர் நிலையத்தில் வண்டி உடனே கிடைத்தது. அப்பாடா என்று உட்கார்ந்தேன். அண்ணனூர் தாண்டி அது சிக்னலுக்கு நின்றது. நின்றது என்றால் நின்றதுதான். எதிரே இருந்த அம்மா நிதானமாக வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர் மேல் கோபம் கோபமாக வந்தது, அவர் என்ன செய்தார் பாவம்! முனுசாமியின் எண்ணை மறுபடி மறுபடி அழுத்தினேன். நெஞ்சு அடித்த அடியில் என் அரை மாத்திரையை மேசைக்கு அடியிலேயே விட்டுவிட்டு வந்தது ஞாபகம் வந்தது. இன்னும் பொழுது இருக்கிறது, இரவுச் சாப்பாட்டுக்கு நேரம் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நம்பிக்கை வரவில்லை.

திருநின்றவூரில் இறங்கி ஆட்டோக்காரரிடம் ஏரிக்கரை அம்மன் கோயில் என்றேன்.

“எந்த அம்மன் கோயிலும்மா? அங்க தெருவுக்கு ஒண்ணு கீதே.”

“எல்லாத்துக்கும் போ நைனா. கால்ல கட்டுப் போட்ட பெரியவரு, இன்னிக்குத்தான் ஆஸ்பத்திரியில இருந்து வந்தாரு. முனுசாமின்னு பேரு.”

முதல் கோயிலில் ஒருவருக்கும் தெரியவில்லை. இரண்டாவதில் ஒரு முனுசாமியைக் காட்டினார்கள். அவர் காலில் கட்டு எதுவும் இல்லாமல் கல்லாட்டம் உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டிருந்தார். அடுத்த கோயிலுக்குப் பின்னால் தண்ணீர்க் குடத்தோடு வந்த ஒரு பெண்தான், “கன்னியம்மா ஊட்டுக்காரரா? அதோ அந்தப் பச்சைக் கதவு” என்று கை காட்டினாள். விளக்கு வைக்கிற நேரம் ஆகியிருந்தது.

கன்னியம்மா அடுப்படியில் இருந்தாள். ஐம்பது தாண்டிய ஒடிசலான பெண். என்னைக் கண்டதும் ஏதோ விற்க வந்தவள் என்று நினைத்துக்கொண்டாள்.

“ஒண்ணும் வாணாம்மா. போய்க்கினே இரு.”

“நான் எதுவும் விக்க வரலை. ஆஸ்பத்திரியில குடுத்த தாள்ல தப்பு இருக்கு. ராத்திரி மாத்திரை குடுத்துட்டியா?”

“அப்பவே குட்த்துட்டேனே. அசதியா கீது, படுக்கறேன்னாரு. மாத்திரையைப் போட்டுக்கினு படுய்யா, கஞ்சி வச்சுட்டு எழுப்பறேன்னேன். மதியானமும் செரியாத் துன்னல. தூங்கறாரு.”

“முழுசாவா குடுத்த?”

அவள் சுவரில் ஆணியில் குத்தியிருந்த தாளைக் கழற்றிக்கொண்டு வந்து நிலாவுக்குக் கீழே இருந்த கறுப்பு வட்டத்தில் விரலை வைத்தாள். நாங்கள் செய்து கொடுத்த வட்டம். அழகாக, உருண்டையாக, பளிச்சென்று இருந்தது.

“எனுக்கே டவுட்டாத்தான் இருந்துச்சு. ஆஸ்பத்திரியில அரையாத்தான் உடைச்சுக் குட்த்தாங்க. அப்பால பார்த்தேன், அச்சுலயே போட்டுகீதே. அச்சுல தப்பாவா போடுவாங்கன்னு முழுசாக் குட்த்துட்டேன்.”

உள்ளே ஓடினேன். பெரியவர் பாயில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டி நனைந்திருந்தது. நெற்றியில் கை வைத்தேன், சில்லென்று வேர்வை. நான் ஆஸ்பத்திரிக்காரி இல்லை. எழுத்துக்காரி. அந்த இடத்தில் எனக்கு என்ன தெரியும்? ஸ்டெல்லா சிஸ்டரை அழைத்துத் தொலைபேசியைக் காதில் இடுக்கிக்கொண்டு அவர் சொல்லச் சொல்லச் செய்தேன்.

“தட்டி எழுப்புங்க. கண்ணு திறக்கிறாரா? தண்ணி முழுங்க முடியுதா?”

கன்னியம்மா உலுக்கினாள். “யோவ், எந்திரிய்யா. யோவ்!” கண் பாதி திறந்தது. யாரையோ திட்டினார், வார்த்தை குழறியது. “திட்டுறாரு சிஸ்டர்” என்றேன். “நல்லது, திட்டட்டும். சர்க்கரையைக் கரைச்சு கொஞ்சம் கொஞ்சமாக் குடுங்க. உடனே இங்க கொண்டு வாங்க, நிறுத்தாம வாங்க.”

சர்க்கரை வியாதிக்காரர் வீட்டில் சர்க்கரை இல்லை. கன்னியம்மா வாசலில் நின்று ஒரு கூச்சல் போட்டாள். மூன்று வீட்டிலிருந்து சர்க்கரை வந்தது. நான் டம்ளரைச் சாய்த்த அவசரத்தில் பாதி அவர் தாடியில் கொட்டியது. அவள் என் கையிலிருந்து அதைப் பிடுங்கித் தானே புகட்டினாள். நான் அனுப்பாமல் நிறுத்தி வைத்திருந்த அதே ஆட்டோவில் அவரை ஏற்றினோம். ஆவடி போகும் வழி முழுக்க அவள் அவர் கன்னத்தைத் தட்டித் தட்டிப் பேச வைத்துக்கொண்டே வந்தாள். “என் பேர் இன்னா? சொல்லுய்யா. என் பேர் இன்னா?” அவர் ஒவ்வொரு தடவையும் கன்னியம்மா என்று சொல்லும் வரை நான் மூச்சு விடவில்லை.

பிழைத்துக்கொண்டார். மறுநாள் காலையில் நான் போனபோது கட்டிலில் உட்கார்ந்து, சர்க்கரை இல்லாத காபியைக் கொடுத்ததற்காக ஒரு நர்ஸோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. வராந்தாவுக்குப் போய் நின்று அழுதுவிட்டு வந்தேன்.

யார் தப்பு என்று பிறகு நிறையப் பேசினார்கள். மணி சாப்பிடாமல் கிடந்தான். ஒப்பிட்டுப் பார்த்தவன் அவன், ஒழுங்காகத்தான் ஒப்பிட்டான். அதனால்தான் உங்களுக்கு இதைச் சொல்கிறேன். வாடிக்கையாளர் கோப்பை மட்டும் அனுப்பினால் வாங்காதீர்கள். எழுத்துருவையும் அவர்கள் கணினியிலிருந்தே எடுத்து வாருங்கள். அவர்கள் இடத்தில், அவர்கள் திரையில் அது எப்படித் தெரிகிறது என்று உங்கள் கண்ணால் பார்த்த பிறகு வேலையில் கை வையுங்கள். பெயர் ஒன்றாக இருக்கிறது என்று மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள், எனக்குக் கெட்ட கோபம் வரும். அப்புறம், சந்தேகம் வந்தால் முதலில் நிறுத்தச் சொல்லுங்கள், நிரூபிப்பதை அதற்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். முதலாளியும் அன்றைக்கு அப்புறம் அதைத்தான் சொல்ல ஆரம்பித்தார், தானே கண்டுபிடித்ததுபோல.

பெரியவர் மறுபடி வீட்டுக்குக் கிளம்பிய நாளில் ஸ்டெல்லா சிஸ்டர் என்னை வரச் சொல்லியிருந்தார். மணி திருத்திக் கொடுத்த கோப்பிலிருந்து புதுத் தாளை எடுத்துக் கன்னியம்மாவிடம் நீட்டினார். அவள் அதை வாங்கிச் சிஸ்டரைப் பார்க்காமல் நேரே என்னிடம் வந்தாள்.

“செரியா கீதாக்கா?”

சரியாக இருக்கிறது என்று சொல்ல வாயைத் திறந்தேன். பார்க்காமல் எப்படிச் சொல்வது? தாளை வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனேன். பழைய கணினியில் அதே வரிகளைத் திறக்கச் சொல்லி, ஒவ்வொரு வட்டத்திலும் விரலை வைத்து இரண்டையும் பார்த்தேன். சூரியனுக்குக் கீழே முழுசு. நிலாவுக்குக் கீழே பாதி. முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து பார்த்தேன். முனுசாமி வாசலில் நின்று, இன்னும் எவ்வளவு நேரம் என்று முனகினார். கன்னியம்மா நகரவில்லை. என் விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“சரியா இருக்கும்மா” என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டுத் தாளை மடித்துப் பையில் வைத்தாள். நாலு எட்டு போனவள் நின்று, மறுபடி வெளியே எடுத்து, அவளும் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். அச்சில் தப்பாகவா போடுவார்கள் என்று நம்பி இருந்தவள். அந்த நம்பிக்கையை நாங்கள் கெடுத்துவிட்டோம். நீங்கள் யாருக்கும் அதைச் செய்துவிடாதீர்கள்.